அப்பாவின் பாடை போன தெரு

எங்கள் தெருவில் யார் இறந்தாலும் பெரிய தெரு வழியாகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற உரிமையை வாங்கிக் கொடுத்தவர் அப்பா. அதற்கு முன்பு எங்களுக்கு வாய்க்கால் கரைதான். மழைக்காலமென்றால் முழங்கால் சேற்றில் இறங்கித்தான் பாடையைத் தூக்க வேண்டும். அவருடைய அம்மாவையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். அப்பா அடிபட்டார், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பட்டினி கிடந்தார், வழக்கு நடத்தினார். போலீஸ் காவலோடு முதல் பாடை பெரிய தெருவில் போனபோது முன்னால் தோள் கொடுத்தவரும் அவர்தான். பிறகு எங்கள் வட்டாரத்தில் பூவத்திலிருந்து கீழவாஞ்சூர் வரை எங்கே கூட்டம் நடந்தாலும் அவரை மேடையேற்றிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை வாய்க்கா கரை வழியாவே கொண்டு போயிடுங்கம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்ப்பா?" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

காய்ச்சலில் உளறினாரா, தன் அம்மா போன வழியிலேயே போக ஆசைப்பட்டாரா, பெரிய தெருவின் மேல் இன்னும் ஏதாவது கோபமா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

"யார்ட்டயும் சொல்லிடாத," என்றான். "வழி வாங்கிக் குடுத்தவரே வாய்க்கா கரையில எறங்கிப் போனாருன்னா, நாளைக்கு நாம எந்த மொகத்த வச்சிக்கிட்டு அந்தத் தெருவுல தூக்குறது?"

அவன் சொன்னது நியாயம்தான். அப்பா கடைசியாகக் கேட்டதும் என் காதில் அப்படியே இருந்தது. இருவர் மேலும் எரிச்சலாக வந்தது.

அதற்குள் பெரிய தெருக்காரர்கள் ரோஜா மாலையோடு வந்துவிட்டார்கள். அன்று தடியோடு மறித்தவர்களின் பிள்ளைகள். முச்சந்தியில் அப்பா பல் தெரியச் சிரிக்கும் பேனரும் கட்டியிருந்தார்கள். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அய்யாவ நம்ம தெரு வழியாத்தான் கொண்டு போவணும்ங்க," என்றார் ஒருவர். அண்ணன் என்னைப் பார்த்தான்.

"அப்படியே செஞ்சிடலாங்க," என்றேன். அதை என் வாய்தான் சொன்னது.

பறை முழங்க, செல்போன்கள் படம் பிடிக்க, பூ வாரி இறைத்துக்கொண்டே போனார்கள். பெண்கள் பெரிய தெரு முடியும் இடத்தோடு நின்றுவிட வேண்டும். நானும் நின்றேன். மற்றப் பெண்கள் வீட்டுக்கு முன்னால் நடக்க, அழுது ஓய்ந்து கடைசியாகத் திரும்பினேன்.

பெரிய தெருவில் வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் மேல் போட்ட பூக்கள் சாக்கடைப் பக்கமாக ஒதுங்கின. வாளியோடு நின்ற ஓர் அம்மாள் என்னைக் கண்டதும் கையை நிறுத்திவிட்டு, "எல்லாருக்கும் பண்றதுதாங்க," என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

உண்மைதான். பாடை போன பிறகு எங்கள் தெருவிலும் தெளிப்போம். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் அழுகையை மீறிக் கோபம் வந்தது.

தோள் கொடுப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். அந்த முதல் நாளில் அப்பா திரும்பியிருக்க மாட்டார். ஆனால் என் அம்மா என்னைப் போலவே இங்கிருந்து, தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்திருப்பாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஏதாவது சொன்னாளா? கேட்கலாமென்றால் அவளும் இல்லை.

வீட்டில் அண்ணி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். "மிச்சத்த நீ ஊத்திடு, நான் அடுப்பப் பாக்குறேன்," என்று வாளியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாளியைப் பிடித்தபடியே நின்றேன்.