மகள் ஓடியதால் வந்ததல்ல

பஸ் ஓட்டும் அவளுக்கு ஒரே மகள். மகளின் முழங்கால் எலும்பில் வந்த புற்றுநோய், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவளை, நாத்தனார் வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பொம்பளப் பிள்ளைய ஓட்டப் பந்தயத்துக்கு விடாதேன்னு அப்பவே சொன்னேன். விழுந்து விழுந்துதான் இப்படி ஆச்சு."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. நாத்தனாரைக் கையோடு இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"இது யார் தப்பு டாக்டர்? இவங்களுக்கு உறைக்கிற மாதிரி சொல்லுங்க."

"யார் தப்பும் இல்லம்மா. எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா கிடக்கணும்னு செல்லுக்குள்ள சில புரதங்கள்தான் முடிவு பண்ணும். அதுங்க தறிகெட்டுப் போனா, புத்துநோய் செல் எலும்பை விட்டுக் கிளம்பி, ரத்தத்தோட நுரையீரலுக்குப் போயிடும். ஓடினதாலயோ விழுந்ததாலயோ இந்த நோய் வர்றதில்ல."

"கேட்டீங்களா அண்ணி? இனிமே என் பிள்ளை காதுபட இப்படிப் பேசினா, வாசப்படி மிதிக்க விடமாட்டேன்."

வார்டுக்குள் போனதும் மகள் கேட்டாள். "அம்மா, நான் ஓடினதாலதானா?"

அந்தப் பேச்சு முன்பே மகளின் காதுக்குப் போயிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் மகளுக்குச் சொன்னாள்.

பிறகு நுரையீரல் கட்டிகளை எடுத்தார்கள். மகள் பிழைத்துக்கொண்டாள். நாத்தனாரோடு அவள் இன்றுவரை பேசுவதில்லை.