கயிற்றுக் கணக்கில் போட்ட பயணம்

எத்மோனைப் பற்றி யார் கேட்டாலும் நான் அவன் கழுத்திலிருந்துதான் தொடங்குவேன். நாற்பது வருடமாக வானத்தை அண்ணாந்து பார்த்தே பழகிய கழுத்து. பின்பக்கம் தடித்தடியாய் மூன்று மடிப்பு விழுந்திருக்கும். வாரநாட்களில் அவன் நகராட்சியின் தெருக்கூட்டும் வண்டியை ஓட்டினான். கிழவிகள்கூட அந்த வண்டியை முந்திக்கொண்டு ரொட்டி வாங்கப் போவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் வேறு ஆள். அன்றைக்கு அவன் புறாக்காரன்.

வட பிரான்சில் லான்ஸ் பக்கத்து நிலக்கரிச் சுரங்க ஊர்களில் இதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் புறாக்களைக் கூடையில் அடைத்து, பீரும் ஊற்றும் என் காப்பிக்கடைக்குக் கொண்டுவருவார்கள். சங்கத்து லாரி அவற்றைத் தெற்கே ஏற்றிப் போகும். மறுநாள் காலை அங்கே திறந்துவிட்டால், எவன் புறா முதலில் கூடு திரும்புகிறதோ அவன் ஜெயித்தான். புறா வந்து இறங்கும்வரை அந்த வீட்டில் துணி காயப்போடக் கூடாது. நாயைக் கட்டிவைக்க வேண்டும். விருந்தாளி முற்றத்தில் தலைகாட்டக் கூடாது. சாப்பிட உட்காரவும் கூடாது.

அங்கேதான் ஒடீலின் வயிற்றெரிச்சல் எல்லாம். ஒடீல் எத்மோனின் மனைவி. ஞாயிறு தவறாமல் உலர்ந்த பிளம்ஸ் போட்டு முயல்கறி வைப்பாள். அப்படிக் கறி வைக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் கல்யாணமான நாள்முதல் வசந்தமும் கோடையும் அந்த முயலை அவள் புருஷன் சூடாகத் தின்றதில்லை. அவர்கள் கல்யாணமே ஒரு மே மாதத்துச் சனிக்கிழமை நடந்தது. மறுநாள் மாப்பிள்ளை கோட்டும் பூவுமாக முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடற்கரைப் பக்கம் கூட்டிப்போகிறேன், அடுத்த வருஷம் போகலாம் என்று அன்றைக்குச் சொன்னவன்தான், கூட்டிப்போகவே இல்லை.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, ஓர் ஏப்ரலில் ஒருநாள் சங்கக் கூட்டம் நடக்கும்போதே ஒடீல் என் கடைக்குள் வந்தாள். எல்லோர் எதிரிலும் எத்மோனின் மேசைமுன் நின்றாள்.

"அடுத்த மாசம் மூணு நாள் வெளியூர் போறோம். வெள்ளி, சனி, ஞாயிறு."

"ஞாயித்துக்கிழமையுமா?" என்றான் எத்மோன்.

"ஞாயித்துக்கிழமைதான் முக்கியம். ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம், சுடச்சுட சாப்பாடு. எதிர்ல நீ உக்காரணும். தட்டைப் பாரு, இல்ல என்னைப் பாரு. மேல மட்டும் பாக்கக் கூடாது."

"புறா?"

"அது பாட்டுக்குப் பறக்கட்டும். பொலீன் பாத்துப்பா."

பொலீன் நான்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"போன வாரம் கறியை மூணு தடவை சூடு பண்ணேன். அப்புறம் தனியா உக்காந்து தின்னேன். இதுவும் நடக்கலைன்னா நான் லீல் நகரத்துல மக வீட்டோட போயிடறேன் எத்மோன். கோவத்துல சொல்லல. பெட்டியைத் தூசி தட்டி வெச்சுட்டேன்."

அவள் போன பிறகு எத்மோன் பீரைத் தொடவே இல்லை. அவனுக்கு ஒடீல் என்றால் உயிர். அதை அவளிடம் காட்டத்தான் அவனுக்கு நேரம் இருந்ததில்லை.

சரி, பயணம் போவதென்று ஆயிற்று. எங்கே போவது, எப்படிப் போவது? அடுத்த மூன்று வாரம் என் கடை கடையாக இல்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சங்கத்துச் செயலாளர் அல்சீத், அமியேன் மாதாகோயிலைப் பார்க்காமல் திரும்பினால் பாவம் என்றான். இன்னொருவன் அங்கே வண்டி நிறுத்த இடமில்லை என்று பயமுறுத்தினான். சோம் ஆற்று முகத்துவாரத்தில் கடல்நாய் பார்க்கலாம் என்றான் ஒருவன். கடல்நாயைப் பார்த்து என்ன செய்ய என்று அல்சீத் கேட்டான். கடைசியில் எத்மோன் முழி முழியென்று முழித்துவிட்டு, சுவரில் தொங்கும் சங்கத்து வரைபடத்தின் முன் போய் நின்றான்.

அந்த வரைபடத்தில் புறா விடும் ஊர்களிலெல்லாம் ஆணி அடித்திருக்கும். எங்கள் ஊரிலும் ஓர் ஆணி. இடையில் கயிறு கட்டி அளந்தால் தூரம். நாங்கள் பிறந்ததிலிருந்து தூரத்தை அப்படித்தான் அளக்கிறோம். தெற்கே ஒர்லேயானோ வேறு எந்தப் புறா விடும் ஊரோ எவ்வளவு தூரம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் மீட்டர் சுத்தமாகச் சொல்வான். ஆனால் அந்த ஊர்களுக்கு நாங்கள் யாருமே போனதில்லை, புறாக்கள்தான் போயிருக்கின்றன.

எத்மோன் புதிதாக ஆணி அடித்தான். முதலில் கடலோரம் லெ குரொத்வா. அங்கிருந்து சேன் வலெரியில் மதியச் சாப்பாடு. சனிக்கிழமை தியெப்பில் மதியம். ஞாயிறு கிளெர்மோன். அங்கே சாப்பிட்டுவிட்டு வீடு. கயிற்றை இழுத்துக் கட்டி அளந்தான். அல்சீத் பெருக்கி வகுத்து நேரம் சொன்னான். பழைய காரும் நல்ல புறாவும் ஏறக்குறைய ஒரே வேகம் என்பதால் கணக்கு கச்சிதமாக வந்தது. மேல்காற்று எதிரே அடித்தால் தியெப்புக்குத் தாமதமாகும் என்று ஒருவன் கவலைப்பட்டான். காருக்குக் காற்று என்னடா என்று யாரும் கேட்கவில்லை. நானும் தலையை ஆட்டினேன்.

கிளெர்மோனை ஏன் சேர்த்தான் என்பதில்தான் எனக்கு லேசாக ஓர் உறுத்தல். அது புறாப் பாதையில் இருக்கும் ஊர். அந்த ஞாயிறு ஒர்லேயானில் விடும் புறாக்கள் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒடீலும் வந்து கயிற்றைப் பார்த்தாள். அவளும் புறாக்காரன் பெண்டாட்டிதானே, அவளுக்குத் தெரியாதா? கிளெர்மோன் ஆணியை விரலால் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பினார்கள். மதியம் தாண்டி என் கடையில் தொலைபேசி அடித்தது. ஒடீல்தான். கையில் எடுத்துப் போகும் தொலைபேசி அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. மகள் வாங்கிக் கொடுத்த ஒன்றை அவள் வைத்திருந்தாள்.

"பொலீன், இங்க ரோடு முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சுபோச்சுன்னா?"

"லெ குரொத்வாவுல நிக்கிறோம். எதிர்ல சேன் வலெரி தெரியுது. சாப்பாட்டுக்கடையோட சன்னல்கூடத் தெரியுது. நடுவுல தண்ணி. மூணு நிமிஷத்துல அங்க இருப்போம்னு சொன்ன மனுஷன் தண்ணியைப் பாத்து நிக்கிறான்."

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. தொலைபேசியைப் பிடித்தபடியே வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. கயிறு நீலத்தின் மேல் போயிருந்தது. எங்கள் எத்மோன் அவளைக் காரில் உட்காரவைத்துப் பறக்கப் பார்த்திருக்கிறான்! மற்றக் கயிறுகளையும் பார்த்தேன். காடு, ஆறு, ஒரு விமானதளம், எதையும் விட்டுவைக்காமல் எல்லாவற்றின் மேலும் நேராகப் போயிருந்தன.

அவர்கள் முகத்துவாரத்தைச் சுற்றிக்கொண்டு சேன் வலெரி போய்ச் சேர்ந்தபோது சமையலறையை மூடிவிட்டார்கள். இரண்டு மணிக்கு மேல் எந்தக் கடையில் சோறு போடுவார்கள்? காரிலேயே குளிர்ந்த ரொட்டியும் பன்றிக்கறித் துண்டும் தின்றார்களாம்.

அன்று ராத்திரி நான் கூப்பிட்டு எத்மோனுக்குப் புரியவைக்கப் படாதபாடு பட்டேன். கயிறு ரோடு இல்லையடா என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருஷத்தில் கயிறு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை, ரோடு போட்டவன்தான் தப்பாகப் போட்டிருக்கிறான் என்றான். இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது?

சனிக்கிழமையும் அதே கூத்து. இல்லாத குறுக்குவழியைத் தேடி ஒரு மாட்டுப்பண்ணை முற்றத்தில் போய் நின்றிருக்கிறார்கள். தியெப்புக்குள் நுழைந்தால் தெருவெல்லாம் சந்தை. வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருவதற்குள் கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்துவிட்டார். மழை வேறு. கடலை நனைந்துகொண்டே பார்த்தார்களாம். சாயங்காலம் ஒடீல் கூப்பிட்டாள். குரலில் சண்டையே இல்லை.

"பொலீன், தியெப்லேருந்து லீலுக்கு ரயில் உண்டா?"

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. ரயில் போகும் வழிக்கு எங்கள் வரைபடத்தில் ஆணி கிடையாது. விசாரித்துச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்தேன், ஆனால் விசாரிக்கவே இல்லை. நாளைக்கு ஒரு மத்தியானம் மிச்சம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எத்மோனின் புறாக்களைக் கூடையில் அடைத்து லாரியில் ஏற்றினேன். அவனுக்கு உயிரான சாம்பல் பெட்டையும் அதில் இருந்தது.

ஞாயிறு ஒர்லேயானில் பனிமூட்டம். புறாக்களைத் தாமதமாகத்தான் திறந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. நான் எத்மோனின் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீடுகளில் மூச்சுச் சத்தம் இல்லை. மனமெல்லாம் கிளெர்மோனில். அவன் அங்கே அண்ணாந்து நிற்பான், அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள் என்றே தோன்றியது.

அங்கே நடந்ததை ஒடீல் பிறகு சொன்னாள். பொவே நகரத்தைத் தாண்டி, கிளெர்மோனுக்கு முன்னால் ஏதோ ஒரு சின்ன ஊர். அதன் பெயர் அவர்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

"நிறுத்து," என்றாள் ஒடீல்.

"கிளெர்மோன் இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"கயித்துலயா, ரோட்டுலயா?"

அவன் வண்டியை ஓரம் கட்டத் தொடங்கினான். அவள் வண்டி நிற்கும் முன்னே கதவைத் திறந்துவிட்டாள். தெருக்கூட்டும் வேகத்தில் ஓட்டுகிறவன் என்பதால் ஒன்றும் ஆகவில்லை.

எதிரே புல்வெளியில் அந்த ஊர்த் தீயணைப்புக்காரர்களின் வருடாந்திர விருந்து. நீள மேசைகள். யார் நீங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பேரா, நகர்ந்து உட்காருங்கள் என்று இடம் கொடுத்தார்கள். முதலில் சூப் வந்தது, ஆவி பறக்க. எதிரும் புதிருமாக உட்கார்ந்து கரண்டியை எடுத்தார்கள்.

அப்போதுதான் தெற்கேயிருந்து அந்தச் சத்தம். இறக்கைச் சத்தம். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். குழந்தைகள் எழுந்து ஓடின. நாற்பது வருடத்தில் எத்மோன் புறாக்கள் வந்து இறங்குவதைத்தான் பார்த்திருக்கிறான். நடுவழியில் ஒரு கூட்டமாய் அவை பறப்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்காகத்தான் அவன் கிளெர்மோனுக்கு ஆணி அடித்திருப்பான், எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் கழுத்து சிவந்துபோய்விட்டது, காதுவரை சிவந்துவிட்டது என்றாள் ஒடீல். கண் மட்டும் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

அவள்தான் அண்ணாந்து பார்த்தாள்.

"நெறைய இருக்கா?" என்று கேட்டான், அவளைப் பார்த்தபடியே.

"வானம் கொள்ளல. எல்லாம் வேகமா வீட்டுக்குப் போவுது," என்றாள். "நீ சூப்பைக் குடி."

இதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்கே கழுத்து வலியோடு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துக் கூரைக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. நேரே வந்து கூட்டுப் பலகையில் இறங்கியது சாம்பல் பெட்டைதான். காலிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி, வந்த நேரத்தைப் பதிக்கும் கடிகாரப் பெட்டிக்குள் போட்டு அழுத்தினேன். அடுத்த நிமிடம் அல்சீத் வேலிக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்க ஓடிவந்தான். ஊரில் வேறு யார் வீட்டிலும் ஒரு புறாகூட இன்னும் வரவில்லையாம். ஒர்லேயான் பந்தயத்தில் எத்மோன் ஜெயித்ததே இல்லை. ஆயுசில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று அவன் புலம்பாத வருடம் இல்லை.

புறாவை ஒரு கையில் பிடித்தபடியே அவன் வீட்டு அடுப்படிக்குள் ஓடித் தொலைபேசியை எடுத்தேன். ஒடீல் பேசினாள். பின்னால் ஒரே சிரிப்பும் தட்டுச் சத்தமும். எத்மோனிடம் கொடு, உடனே கொடு என்றேன்.

"எத்மோன், சாம்பல் பொட்டை வந்துட்டா. ஊர்ல மொத ஆளு. ஒர்லேயான்டா! கேக்குதா உனக்கு?"

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்புறமாச் சொல்லு பொலீன்," என்றான். "கறி வந்துடுச்சு. ஆறிடும்."

வைத்துவிட்டான். நான் அடுப்படி நடுவில் நின்றேன். அடுப்பின் மேல் ஒடீலின் முயல்கறிச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. கையில் புறாவின் நெஞ்சு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இந்தச் சேதியை இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.