அலைச் சத்தத்தில் வராத அமைதி

நான் புத்தளத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பள்ளிவாசல்துறை மீனவர் வீட்டுப் பெண்களுக்கு, மனஅழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சிப் பட்டறை ஒன்றைத் திட்டமிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் காலை நேரத்தைத் தெரிவு செய்தேன். கவனம் சிதறாமலிருக்க, எல்லோருடைய கைத்தொலைபேசிகளையும் நிறுத்தச் சொல்லி ஒரு கூடையில் வாங்கி வைத்தேன்.

கதிரைகளை வட்டமாகப் போட்டு, கண்களை மூடச் சொல்லி, பதிவு செய்த அலைச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டேன். கொழும்பில் எனக்குப் பயிற்சி தந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அன்று நான் தூங்கியே போனேன்.

இங்கே ஒருவரும் கண்ணை மூடவில்லை. எல்லோரும் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சோளகக் காற்றும் பலத்திருந்தது. அவர்களில் மூத்தவரான நஸீமா ராத்தா எழுந்து வந்தார்.

"கோவிச்சிக்காதீங்க மிஸ், அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்க. எங்கட ஆக்கள் இன்னும் கரைக்கு வரல்ல. போனத் தாங்க."

கொடுத்தேன். கணவருக்கு அழைப்பெடுத்தார், தொடர்பு கிடைக்கவில்லை. பட்டறை அத்துடன் முடிந்தது. எல்லோரும் கடற்கரைக்குப் போனார்கள், நானும் போனேன். பகல் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் கடைசிப் படகு வந்து சேர்ந்தது.

இப்போதெல்லாம் படகுகள் எப்போது கரைக்கு வரும் என்று கேட்ட பிறகே நேரம் குறிக்கிறேன். கைத்தொலைபேசி அவரவர் மடியில் இருக்கும். ஒலிபெருக்கியை எடுத்துப் போவதில்லை. சென்ற முறை நான் சொல்வதற்கு முன்பே நஸீமா ராத்தா கண்ணை மூடிவிட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டையும் கேட்டது.