காதுகுத்துக்கு ஒரு மடி

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மாமன் இப்போது பெண்ணாக வாழ்ந்தால் என்ன செய்வது?

என் தங்கைக்கு நான் இன்னும் அண்ணன்தான். தன் பிள்ளையின் காதுகுத்துக்காக நேற்று டிக்கோயா பஸ்ஸில் கெஞ்சினாள்.

"நாளைக்கு ஒருநா மட்டும் வேட்டி கட்டிட்டு வாங்கண்ணே. சேலையில வந்தா சனம் சிரிக்கும். எனக்கு வேற யாரு இருக்கா?"

"ஒங்கண்ணன் செத்துட்டான்னு சொல்லிரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரவெல்லாம் அது உறுத்தியது.

இன்று சேலையில்தான் கோயிலுக்குப் போனேன். ஒன்றுவிட்ட தம்பி மடியில் பிள்ளை அலறியது.

"கூடப்பொறந்த மாமன் இல்லியாம்மா?" என்று ஆசாரி கேட்டார்.

"இல்லீங்க. அக்கா மட்டும்தான்," என்றாள் தங்கை. என் பக்கம் திரும்பவேயில்லை.