ஹாய்ட்டின் பதினாறு கம்புகள்

நாலாவது தூண்டில் கம்பைக் கீழே வைத்துவிட்டு ஐந்தாவதை எடுத்தான் ஹாய்ட். பாசித் திட்டின் ஓரத்தில் மறுபடியும் தண்ணீர் குமிழ்ந்தது. அதே மீன்தான். படகிலிருந்து இருபது தப்படிகூட இல்லை.

மணி இரண்டு பத்து. மூன்று மணிக்குள் கன்டர்ஸ்வில் ஏரிப் படகுத்துறையில் மீன்களை நிறுவைக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் படகுத் தொட்டியில் நான்கு பாஸ் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. ஒரு படகுக்கு ஐந்து வரை நிறுக்கலாம். எங்கள் மீன்பிடிச் சங்கத்தில் ஆண்டுப் புள்ளியில் முதல் பத்து ஜோடிகள் அலபாமா மாநிலப் போட்டிக்குப் போகும். நாங்கள் பதினொன்றாவது. இந்தச் சனிக்கிழமைதான் வருடத்தின் கடைசிப் போட்டி. அந்த ஒரு மீன் வந்தால் போதும்.

தவளையைப் போடச் சொன்னேன். எந்தத் தவளை என்று கேட்டான்.

ரப்பர் தவளை கட்டிய கம்புகள் மட்டும் அவனிடம் மூன்று. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள் வயிறு. வெயிலுக்கு வெள்ளை, மேகத்துக்குக் கறுப்பு என்பது அவன் கணக்கு. அன்று வெயிலும் மேகமும் மாறிமாறி வந்துகொண்டிருந்தன. மஞ்சள் வயிறு எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என்னிடம் ஒரே கம்பு. மெல்லிய நைலான் நரம்பு, நுனியில் ரப்பர் புழு. திறந்த தண்ணீருக்கு அது போதும். தொட்டியில் இருந்த நான்கில் மூன்று அதில் வந்தவைதான். ஆனால் பாசிக்குள் கிடக்கும் மீனை அதில் இழுத்தால் நரம்பு அறுந்துவிடும். அதனால் வலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஹாய்ட் டிட்மோர் முப்பத்தொரு வருடமாக மாவட்டப் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவன். ஓடுகிற என்ஜினைக் காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். ஒரு நிமிடம் போதும். பிறகு மாற்றிச் சொல்ல மாட்டான். பட்டறைக் கதவைப் பூட்டிவிட்டால் அவன் வேறு ஆள். வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று நான்கு வருடம் யோசித்தான். முன்சுவரில் பதினோரு நிறங்களில் கட்டம் கட்டமாகப் பூசிப் பார்த்தான். கடைசியில் அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் மனைவி நெல்டா ஆள் வைத்து மொத்தத்துக்கும் வெள்ளை அடித்துவிட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்ததும் நெல்டாதான். அவனை விட்டிருந்தால் கல்யாணம் நடப்பதற்குள் தனக்கு அறுபது வயது தாண்டியிருக்கும் என்று அவளே சொல்வாள்.

தூண்டில் விஷயத்தில் இது முற்றிப்போனது. கம்பு ஆறரை அடியா, ஏழா. வளைவது நுனியா, நடுவா. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ரீல் எத்தனை அங்குல நரம்பை இழுக்கிறது. தூண்டில் கடைக்காரர் அவனுக்காகவே ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறார். காலையில் உட்கார்ந்தால் மதியம் நெல்டா போன் செய்கிறவரை எழுந்திருக்க மாட்டான்.

சென்ற ஜனவரியில் அந்த முக்காலியில்தான் இடக்கை ரீலைப் பற்றிக் கேள்விப்பட்டான். எங்கள் பக்கத்தில் வலது கையால் வீசி, கம்பை இடது கைக்கு மாற்றி, வலது கையால் ரீலைச் சுற்றுவோம். அவன் அப்பாவும் அப்படித்தான், என் அப்பாவும் அப்படித்தான். கைப்பிடி இடப்பக்கம் இருந்தால் கம்பை மாற்ற வேண்டாம், அரை நொடி மிச்சம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பதினாறு ரீல்களில் எட்டை மாற்றிக்கொண்டு வந்தான். ஏன் எட்டு மட்டும் என்று கேட்டேன்.

“ரெண்டையும் பழகிப் பாக்கணும்ல, ஆர்லிஸ்? எது தோதுன்னு முடிவு பண்ணிட்டா மொத்தமா மாத்திரலாம்.”

செப்டம்பர் வந்துவிட்டது, அவன் முடிவு பண்ணவில்லை. இடக்கை ரீல்கள் படகின் இடப்பக்கம், வலக்கை ரீல்கள் வலப்பக்கம் என்று ஓர் ஒழுங்கு இருந்தது. அன்று காலை பத்து மணிக்கு, மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தபோது, இரைவாரியாக அடுக்குவதுதான் சரி என்று அவனுக்குத் தோன்றியது. பதினாறையும் கலைத்து மறுபடி அடுக்கினான். இருபது நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் நான் ஒரு மீன் பிடித்து, நானே வலையில் அள்ளி, நானே தொட்டியில் விட்டேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முந்தின நாள் மாலை எங்கள் சங்கத்து வெண்டல் லெட்பெட்டர் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தான். அவனோடு படகில் போகிறவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோகிறார். அடுத்த வருடம் தன் படகுக்கு வருகிறாயா, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல் என்றான். வெண்டலிடம் நான்கு கம்புகள். ஐந்து வருடமாக மாநிலப் போட்டிக்குப் போகிறான். நான் ஹாய்ட்டோடு பதினோரு வருடம். ஒரு முறைகூடப் போனதில்லை. பத்துக்குள் வந்தால் ஹாய்ட், இல்லாவிட்டால் வெண்டல் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். ஹாய்ட்டிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு கம்பைக்கூடத் தொட்டிருக்க மாட்டான்.

“ஏதாவது ஒண்ணைப் போடுடா, ஹாய்ட்.”

“மேகம் வருதே, பாத்தியா.”

“மீனு மேகத்தையா பாத்துக்கிட்டிருக்கு?”

“பின்ன? அதுக்குக் கண்ணு மேலதானே இருக்கு.”

மேகம் வந்தது. கறுப்புத் தவளையை எடுத்து வீசினான். வீசுவதில் அவனைக் குறை சொல்ல முடியாது. தவளை பாசியின் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. இரண்டு தரம் தத்தவிட்டான். பாசி வெடித்தது. ஆறு பவுண்டாவது இருக்கும். வாய் தெரிந்தது, முதுகு தெரிந்தது. பதறாமல் ஒரு கணம் பொறுத்துக் கம்பைச் சுண்டினான். முள் ஏறியது. கம்பு வளைந்தது. பிறகு, ஐம்பது வருடப் பழக்கத்தில், கம்பை இடது கைக்கு மாற்றினான்.

வலது கை கைப்பிடியைத் தேடிப் போனது. அங்கே கைப்பிடி இல்லை. விரல்கள் காற்றைச் சுற்றின, ஒரு சுற்று, இரண்டு சுற்று.

“கைப்பிடி எங்கடா?” என்று என்னைக் கேட்டான்.

அந்தப் பக்கம் என்றேன். அதற்குள் நரம்பு தொய்ந்துவிட்டது. கம்பை வலது கைக்கு மாற்றிச் சுற்றத் தொடங்கியபோது தவளை மட்டும் பாசியைப் பூசிக்கொண்டு வந்தது. நான் வலையைக் கீழே வைத்தேன்.

ஹாய்ட் தவளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

“வெள்ளையைப் போட்டிருக்கணும்.”

“கறுப்பைத்தானே கடிச்சுது.”

“கடிச்சுது. மனசாரக் கடிக்கல.”

துறைக்குத் திரும்பும் வழியில் அவன் வண்ணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். காற்றிரைச்சலில் பாதி கேட்கவில்லை. நான்கு மீன்களை நிறுத்தோம். பதினொன்றாவது இடத்திலேயே நின்றோம்.

மறுநாள் தேவாலயம் முடிந்ததும் வெண்டலுக்கு போன் செய்து, வருகிறேன் என்றேன். மூன்று மணிக்கு ஹாய்ட் வீட்டுக்குப் போனேன். கார் கொட்டகையில் இருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த ரீலைத் துடைத்து முடித்தான். வெண்டல் பாலத்துக்குக் கீழேதான் போவான், அங்கே ஆழம் அதிகம், உன் ஒற்றைக் கம்பு அங்கே பத்தாது, என்னுடையதில் நான்கை எடுத்துக்கொள் என்றான். நான்கை எடுத்துச் சுவரில் சாய்த்தான். அதில் இரண்டைத் திரும்ப வைத்து வேறு மூன்றை எடுத்தான். நெல்டா குளிர்ந்த தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஐந்தே முக்காலுக்குச் சுவரில் ஏழு கம்புகள் இருந்தன. ஆறு மணி ஆராதனைக்கு நேரமாகிவிட்டதால் நான் வெறுங்கையோடு கிளம்பினேன். ஆழத்துக்கு ஏழடியா ஏழேகாலா என்று அவன் நெல்டாவைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.