அப்பாவைக் கொன்ற கட்டுரை

கதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் என் வகுப்பில், என் முதல் கதை எதுவென்று யாராவது ஒரு பிள்ளை கேட்காமல் விடுவதில்லை. கல்லூரியில் படித்தபோது பத்திரிகையில் வந்த ஒன்றைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். நாலு புத்தகம் போட்டவளுக்குப் பொய் சொல்வதில் என்ன கூச்சம்? உண்மையில் என் முதல் கதையை ஆறாம் வகுப்பில் எழுதினேன். அதில் என் அப்பாவைக் கொன்றேன்.

தலைப்பு 'என் தந்தை'. இருபது மதிப்பெண். தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய பள்ளிக்கூடம் அது. என் அப்பாவையும் சேர்த்து வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள்தான். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் 'என் தந்தை கடலுக்குச் செல்வார், மீன் பிடிப்பார்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தோடு கோவிந்தா போட எனக்கு மனமில்லை. ஒரு பெரிய அலையை வரவழைத்து, வள்ளத்தைக் கவிழ்த்து, அப்பாவைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன்.

தமிழ் டீச்சர் விளாத்திகுளத்துக்காரர், அந்த வருடம்தான் மாற்றலாகி வந்திருந்தார். எழுதியதை அப்படியே நம்பிவிட்டார். பத்தொன்பது போட்டுக் கையெழுத்திட்டு, என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவி, தன் சாப்பாட்டில் இருந்த அவித்த முட்டையை எனக்குக் கொடுத்தார். நானும் மறுக்காமல் தின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பாவும் இன்னும் மூன்று பேரும் விடியுமுன் போன வள்ளம் மதியத்துக்குள் வந்திருக்க வேண்டும். கூடப் போன வள்ளங்கள் எல்லாம் கரையேறிவிட்டன.

எங்கள் வீட்டில் 'இன்னும் வரவில்லை' என்று சொல்லக் கூடாது. 'பிந்துது' என்றுதான் சொல்ல வேண்டும். கடலுக்குப் போனவர்களைப் பற்றிக் அபசகுனமாக எதைச் சொன்னாலும் அது கடலுக்குக் கேட்டுவிடுமாம். ஒருமுறை சித்தி வாய்தவறி என்னவோ சொல்லப்போக, அம்மா அவளை வாசலுக்கு இழுத்துப் போய் மூன்று தடவை துப்ப வைத்தாள். வாயால் சொன்னதற்கே அந்தப் பாடு. நானோ பேனாவால் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

இரண்டு மணி ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. அம்மா செல்போனை அழுத்திக்கொண்டே இருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண்குரல் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. சித்தி ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள். யாரும் சோற்றைத் தொடவில்லை. நான் எழுதியதால்தான் இப்படி நடக்கிறது என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

நோட்டை எடுத்தேன். அப்பா நீந்திக் கரைசேர்ந்தார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் கடைசி வரியை ஒட்டி டீச்சர் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டிருந்தார். டீச்சர் கையெழுத்துக்குக் கீழே எழுதுவது எதுவும் செல்லாது என்பது ஆறாம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நாலரை மணிக்கு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை. நோட்டோடு மாதா கோயிலுக்கு ஓடினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் உண்டு. சாமியார் உட்காரும் மரத் தொட்டியின் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டேன். முன்னால் சொல்ல வேண்டிய ஜெபமெல்லாம் மறந்துபோய்விட்டது.

"சாமி, எங்க அப்பாவ நான் கொன்னுட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எப்படி என்றார் சாமியார். கட்டுரையில் என்றேன். சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று வலை வழியே தெரியவில்லை. மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல், அப்பா வந்ததும் இதை அவருக்கு வாசித்துக் காட்டு, அதுதான் உனக்கு அபராதம் என்றார். 'வந்ததும்' என்று சாமியாரே சொன்னதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஆனாலும் பாதி வழியில் பயம் மறுபடி கவ்வியது. வராவிட்டால் யாருக்கு வாசிப்பது?

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார். எஞ்சின் நின்றுபோய், நீரோட்டம் இழுத்த இழுப்புக்கெல்லாம் போய், கடைசியில் ஒரு விசைப்படகு வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்திருந்தது. அம்மா சோற்றைப் போட்டாள். அகப்பை தட்டில் கடகடவென்று அடித்தது. நான் அப்பாவின் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அவர் கைகழுவி வந்ததும் வாசித்தேன். அடி விழும் என்ற பயத்தில் நோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவைதான் குறுக்கிட்டார், மேற்கேயிருந்து கச்சான் காற்றடிக்கும்போது அலை கிழக்கேயிருந்து வராது என்று. முடித்ததும் அப்பா கேட்டார்.

"பொறவு நீங்கல்லாம் என்ன செஞ்சிய?"

"அதோட முடிஞ்சிட்டுப்பா."

"அது எப்படிளா முடியும்? அம்மா என்ன செஞ்சா? நீ பள்ளிக்கூடத்துக்குப் போனியா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டீச்சரே பத்தொன்பது போட்டதில் இவர் குறை கண்டுபிடிக்கிறாரே என்று நினைத்தேன். இவ்வளவு போதும் என்று சொல்லி நோட்டை மூடிவிட்டேன். எஞ்சின் நின்ற வள்ளத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து தனக்குள் அப்பா கேட்டுக்கொண்டிருந்ததும் அதே கேள்விதான் என்று எனக்கு அன்று தெரியாது.