டெனிஸ்டன் அளந்த ஐஸ்

கிறகரிக்கு ஐம்பத்தேழு வயது. ஊர் மன்னார். பதினெட்டு வருசமாக மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர். எட்டாம் வகுப்போடு படிப்பு சரி. வாய் மட்டும் நல்ல நீளம்.

மகன் டெனிஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். விமானத்தின் இறக்கையில் ஐஸ் எப்படிப் பிடிக்கிறது என்று ஐந்து வருசமாகப் பார்த்தான். தகப்பனுக்கு அது பிடிபடவேயில்லை.

“நான் ஒவ்வொரு விடியவும் சந்தைக்குப் போற வான் கண்ணாடியில ஐஸ் சுரண்டுறன். எனக்கு ஆரடா டொக்டர் பட்டம் தந்தவன்?”

பெடியன் சிரிப்பான். சந்தையில் மட்டும், “என்ர மகன் பிளேன் செய்யிறான்” என்று கிறகரி பெரிசாய்ச் சொல்வார். வீட்டில் மூச்சு விடமாட்டார்.

ஒருமுறை அவன் கூப்பிட்டான். “அப்பா, வெள்ளிக்கிழமை என்ர வேலையைப் பற்றிக் கதைக்கிறன். வந்து பாருங்கோவன்.”

“எனக்கென்ன விளங்கப்போகுது? போடா.”

2006 ஒக்டோபரில் இரத்தப் புற்றுநோய் அவனைக் கொண்டுபோனது. நோய் தெரிந்து நாலே மாதம். இருபத்தொன்பது வயது.

அடுத்த பெப்ரவரி மகள் ஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு விமானப் பொறியியல் பேராசிரியர் செமினார் நடத்த வருகிறார், டெனிஸ்டனின் வேலையையும் காட்டுவார், குடும்பத்தினர் வரலாம். கிறகரி லீவு எடுத்தார். கல்யாணவீட்டுக் கோட்டைப் போட்டார். அன்றைக்குக் கூப்பிட்டும் போகாத இடம். இந்த முறை என்றாலும் கேட்டுவிட வேண்டும்.

மண்டபத்தில் முப்பது பேர். சிலர் சான்ட்விச் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன பிள்ளை, அண்ணாவின்ர படத்தையும் காணேல்ல, மெழுகுதிரியையும் காணேல்ல?”

“அப்பா, இது நினைவுக் கூட்டமில்ல. பாடம் மாதிரி. பேசாம இருங்கோ.”

முக்கால் மணித்தியாலம் இங்கிலீசு தலைக்கு மேலால் போனது. பிறகு திரையில் மூன்று கோடுகள் வந்தன. பேராசிரியர் நாக்கைச் சுழட்டி, “டெனிஸ்டன் கிறகரி” என்றார்.

கிறகரி எழும்பி நின்றார். செத்தவன் பெயரைச் சபையில் சொன்னால் எழும்பி நிற்பதுதானே மரியாதை. வேறொருவரும் எழும்பவில்லை. பேராசிரியர் பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தார்.

ஜென்சி கோட்டைப் பிடித்து இழுத்தாள். “கேள்வியோ எண்டு கேக்கிறார். இருங்கோ அப்பா!”

கிறகரி திரையைப் பார்த்தார். நீலமும் பச்சையும் திரையின் கரை வரைக்கும் ஓடின. மகனுடைய பெயர் போட்ட சிவப்புக் கோடு நடுவில் நின்றுவிட்டது.

“ஓம், கேள்விதான். சிவப்புக் கோடு ஏன் அரைவாசியில நிக்குது எண்டு கேள்.”

ஜென்சி கேட்டாள். இவர் டெனிஸ்டனின் அப்பா என்றும் சொன்னாள். சான்ட்விச் கடித்த வாய்கள் நின்றன. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆறுதலாகப் பதில் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல ஜென்சிக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“மற்ற ரெண்டு கோடும் கொம்பியூட்டர் போட்டதாம். அண்ணா மட்டும்தான் காத்தடிக்கிற குளிர் அறையில நிண்டு ஒவ்வொரு புள்ளியா அளந்ததாம். அந்த இடம் வரைக்கும்தான் அளந்து முடிச்சவராம். மிச்சத்தை ஊகிச்சுக் கீற இவர் விரும்பேல்லையாம்.”

கிறகரி மெல்ல இருந்தார்.

“இதைத்தான் அந்த வெள்ளிக்கிழமையும் காட்டியிருப்பான், என்ன?”

ஜென்சி தலையாட்டினாள்.

வெளியே வான் கண்ணாடி முழுக்க ஐஸ். கிறகரி சுரண்டியை எடுத்தவர், அப்படியே நின்றார். பிறகு குனிந்து, மூக்கு முட்டுமாப்போல கிட்டப் போய்ப் பார்த்தார். ஓரத்தில் மெல்லிசு. கீழே வரவரத் தடிப்பு.

“அப்பா, விறைக்குது. சுரண்டுங்கோவன்.”

“கொஞ்சம் பொறு பிள்ளை,” என்றார். “பாக்கிறன்.”